அமெரிக்கக் கவிதையில் யாப்பு: திரும்பி வந்தது எது, வராமல் நின்றது எது

கேள்வி இது: அமெரிக்கக் கவிஞர்கள் மறுபடியும் இயைபும் சந்தமும் வைத்து எழுதுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அங்கே வசன கவிதையின் காலம் முடிந்துவிட்டதா? ஆங்கிலத்தில் அப்படி எழுதிப் பார்க்க விரும்பும் தமிழர் எங்கிருந்து தொடங்கவேண்டும்?

உண்மைதான், ஆனால் பாதிதான் உண்மை. 1980-களிலிருந்து பதினான்கு அடிச் சானட், அடிகள் திரும்பத் திரும்ப வரும் வில்லனெல், ஈரடிகளால் ஆன கஜல் போன்ற வடிவங்கள் அமெரிக்கக் கவிதைக்குள் நன்றாகவே திரும்பிவிட்டன. பெரிய பரிசு வாங்கும் தொகுப்புகளிலும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் அந்த வடிவங்களுக்குள் ஓடவேண்டிய அழுத்த அளவு, அதாவது மீட்டர், அந்த அளவுக்குத் திரும்பவில்லை. பதினான்கு அடி என்பதைக் கண்ணால் எண்ணிக் கற்றுக்கொள்ளலாம். மீட்டருக்குக் காது பழகவேண்டும். அந்தக் காதைப் பழக்கிவிடும் ஆசிரியர்கள் ஒரு தலைமுறைக்கு அருகிப்போனார்கள். பத்திரிகைகளில் வரும் கவிதைகளில் பெரும்பகுதி இன்றும் வசன கவிதைதான். அதன் காலம் முடியவில்லை.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே இயைபு என்பது ஆங்கில ரைம்: அடியின் கடைசி அழுத்த உயிரும் அதற்குப் பின்வரும் ஒலிகளும் ஒத்துவருவது. அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வரும் நம் எதுகை வேறு. அசை என்று நான் சொல்வது ஆங்கில சிலபிளை. சீர் என்பது ஃபுட். நம் யாப்பு குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை பிரிக்கிறது. ஆங்கில மீட்டருக்கு அழுத்தம்தான் கணக்கு. இந்த வேறுபாடு நமக்குத் தரும் தொல்லையைக் கடைசியில் சொல்கிறேன்.

1940, 50-களில் அமெரிக்கக் கவிதையின் பொதுவழக்கே யாப்புதான். ரிச்சர்ட் வில்பர், ஆன்டனி ஹெக்ட், ஹோவர்ட் நெமரோவ், க்வெண்டலின் புரூக்ஸ் எல்லாரும் அதில் தேர்ந்தவர்கள். 1956-ல் ஆலன் கின்ஸ்பெர்கின் ‘ஹௌல்’ வந்தது. 1959-ல் ராபர்ட் லோவெலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ வந்தது. இரண்டாவதுதான் பெரிய அதிர்ச்சி. இறுக்கமான யாப்பில் பெயர் வாங்கிய ஒருவரே கட்டைத் தளர்த்திக் காட்டினார். 60-களின் முடிவில் வசன கவிதை பொதுவழக்காகிவிட்டது. அதே காலத்தில் பல்கலைக்கழகங்களில் கவிதை எழுதப் பயிற்றும் பட்டப்படிப்புகள் பெருகின; அவற்றுக்கான சங்கமான ஏ.டபிள்யூ.பி. 1967-ல் தொடங்கியது. அந்த வகுப்புகளில் படிமம், குரல், அடியை எங்கே உடைப்பது என்பது பற்றியெல்லாம் பேசினார்கள். ஒரு அடியைச் சீர் பிரித்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது அரிதானது. வில்பர் போன்ற மூத்தவர்கள் நிறுத்தாமல் யாப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 1957-லும் 1989-லும் புலிட்சர் பரிசு கிடைத்தது. குறைந்துபோனது அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறவேண்டிய பயிற்சி.

மீட்டெடுத்தவர்களின் பின்னணியைப் பார்த்தால் இது விளங்கும். டேனா ஜோயா ஹார்வர்டில் படித்தபோது ஹோமரை மொழிபெயர்த்த ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் யாப்பு பயின்றார். எலிசபெத் பிஷப்பின் வகுப்பிலும் இருந்தார். பிறகு ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். டிமத்தி ஸ்டீல், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜே.வி. கன்னிங்ஹாமின் மாணவர், கன்னிங்ஹாம் சுருக்கமான, இறுக்கமான செய்யுளுக்குப் பேர்போனவர். ஆளிடமிருந்து ஆளுக்கு வந்த பயிற்சி இது.

1986-ம் ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ஜோயாவின் ‘டெய்லி ஹாரஸ்கோப்’, ஸ்டீலின் ‘சாஃபிக்ஸ் அகைன்ஸ்ட் ஆங்கர்’, மேரிலின் ஹேக்கரின் ‘லவ், டெத் அண்ட் த சேஞ்சிங் ஆஃப் த சீஸன்ஸ்’, மரபு வடிவக் கவிதைகளின் தொகுப்பான ‘ஸ்ட்ராங் மெஷர்ஸ்’ நான்கும் அந்த ஆண்டில் வந்தன. விக்ரம் சேத்தின் ‘த கோல்டன் கேட்’டும் அதே ஆண்டு. ஸ்டான்ஃபோர்டில் பொருளாதார ஆய்வு மாணவராக இருந்த சேத், சான் ஃபிரான்சிஸ்கோ இளைஞர்களின் கதையைப் புஷ்கினின் ‘ஒனேகின்’ செய்யுள் வடிவத்தில் 590 பாட்டுகளில் எழுதினார். பாட்டுக்குப் பதினான்கு அடி, அடிக்கு நான்கு சீர். சில இயைபுகள் அழுத்தமில்லாத அசையில் முடிந்தே தீரவேண்டும். யாப்பில் எழுதினால் இன்றைய மனிதர்களின் பேச்சு வராது என்ற வாதத்துக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு அப்போது வரவில்லை. நூலை ஸ்டீலுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

‘நியூ ஃபார்மலிசம்’ என்ற பெயர் எதிராளிகள் திட்டிவைத்தது. 1985-ல் ஏ.டபிள்யூ.பி.யின் இதழில் ஏரியல் டாசன் எழுதிய கட்டுரை, இந்தக் கவிஞர்களை அந்தக் காலத்துப் பணக்கார இளம் உத்தியோகஸ்தர்களோடு சேர்த்து வைத்துப் பேசியது. அடுத்த ஆண்டு டயேன் வகோஸ்கி, யாப்புக்குத் திரும்புவதை அரசியல் பழமைவாதமாகப் படித்தார். பழமைவாதியான ரேகன் அதிபராக இருந்த காலம் என்பதால் இந்தக் குற்றச்சாட்டு நன்றாக ஒட்டிக்கொண்டது. ஜோயா 1987-ல் ‘ஹட்சன் ரிவ்யூ’வில் பதில் எழுதினார், 1991-ல் ‘அட்லாண்டிக்’கில் கவிதை ஏன் பொதுவாசகரை இழந்தது என்று கேட்டு எழுதிய கட்டுரை இன்னும் பரவலாகப் பேசப்பட்டது.

என் கணிப்பில், கனமான வாதம் ஸ்டீலின் 1990-ம் ஆண்டு நூலான ‘மிஸ்ஸிங் மெஷர்ஸ்’தான். டிரைடனும் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கள் காலத்துப் பழைய மொழிநடையை உதறினார்கள், மீட்டரை வைத்துக்கொண்டார்கள். எலியட், பவுண்ட் தலைமுறை விக்டோரியக் காலத்துச் சொல்லாடல் மீது கொண்ட வெறுப்பை மீட்டர் மீதும் ஏற்றி இரண்டையும் சேர்த்து வீசிவிட்டது என்கிறார் ஸ்டீல். பழுது மொழிநடையில் இருந்தது, பழி யாப்பின் மேல் விழுந்தது. இந்த வாதத்தை ஏற்காதவர்களும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

இனி மீட்டருக்கு உள்ளே போகலாம். ஆங்கிலத்தின் முதன்மையான அளவு ஐயாம்பிக் பென்டாமீட்டர்: ஐந்து சீர், பத்து அசை, சீருக்குள் இரண்டாவது அசை முதலாவதைவிட அழுத்தம். இதற்காகவே இட்டுக்கட்டிய ஒரு அடி (மழை விட்டது, சாலையெல்லாம் ஈரம்):

த ரெய்ன் / ஹஸ் ஸ்டாப்ட் / அண்ட் ஆல் / த ரோட்ஸ் / ஆர் வெட்

ரெய்ன், ஸ்டாப்ட், ஆல், ரோட்ஸ், வெட் ஐந்தும் அழுத்தம். பிசகில்லாத அடி. ஆனால் இப்படியே பத்து அடி வந்தால் காது தூங்கிவிடும். அதனால் ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்றங்கள் உண்டு. முதல் சீரை மட்டும் தலைகீழாக்கலாம்:

ரெய்ன் இன் / த நைட் / அண்ட் ஆல் / த ரோட்ஸ் / ஆர் வெட்

‘ரெய்ன்’ முன்னே வந்து விழ, அடி ஒரு உந்தலோடு தொடங்குகிறது. அடுத்த சீரிலேயே நடை சரியாகிவிடுகிறது. கடைசியில் அழுத்தமில்லாத பதினொன்றாவது அசை ஒன்றும் சேரலாம். ‘வெட்’ இருந்த இடத்தில் ‘எம்ப்டி’ என்று வைத்தால் அதுதான். இப்போது இதைப் பாருங்கள்:

த ரெய்ன் / ஹஸ் ஸ்டாப்ட் / அண்ட் ஆல் / த ரோட்ஸ் / க்ளிஸன்

அசை எண்ணிக்கை பத்து. ஆனால் அடி உடைந்துவிட்டது. ‘க்ளிஸன்’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது, ஆகவே கடைசிச் சீர் தலைகீழ். முதல் சீர் தலைகீழானால் அடியைத் திருத்திக்கொள்ள இன்னும் நான்கு சீர் இருக்கின்றன. கடைசிச் சீர் தலைகீழானால் திருத்த இடமே இல்லை. புதிதாக எழுதுகிறவர்களிடம் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இது: அசையை விரல்விட்டு எண்ணி, பத்து வந்தால் மீட்டர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘த ரெய்ன் ஹஸ் ஸ்டாப்ட் அண்ட் ரோட்ஸ் பிகின் டு ஷைன்’ என்று மாற்றினால் அடி மறுபடி நிற்கும்.

மேலே ‘முதலாவதைவிட’ என்று சொன்னது முக்கியம். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1900-ல் முன்வைத்த கருத்து அது. ஸ்டீல் 1999-ல் எழுதிய யாப்புக் கையேடும் இதன்மேல்தான் நிற்கிறது. அழுத்தம் உண்டு, இல்லை என்று இரண்டே நிலை கிடையாது. நான்கு படிகளாகவாவது கேட்கிறது. சீருக்குள் பக்கத்து அசையோடு ஒப்பிட்டால் போதும்:

தி எண்ட் / இங் ஆஃப் / த ஸ்டோ / ரி இஸ் / ன்ட் நோன்

இரண்டாம் சீரில் ‘ஆஃப்’ மெலிந்த சொல்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் ‘இங்’ அதைவிட மெலிவு. ஆகவே அந்தச் சீர் தேறுகிறது. அதேசமயம் அங்கே குரல் தாழ்ந்து, ‘ஸ்டோ’வில் மீண்டும் எழுகிறது. நல்ல கவிஞர்கள் ஐந்து அழுத்தங்களில் ஒன்றையோ இரண்டையோ இப்படி மெலிதாக விட்டுத்தான் பேச்சுநடையைக் கொண்டுவருகிறார்கள். ஐந்தும் ஒரே கனத்தில் விழுந்தால் கோயில் மத்தளம்போல் கேட்கும்.

அதே அடியில் இன்னொன்றும் இருக்கிறது. எண்டிங், ஸ்டோரி, இஸன்ட் மூன்று சொற்களும் சீர் எல்லையைத் தாண்டி நிற்கின்றன. நம் யாப்பில் இதை வகையுளி என்று சொல்லி, மிகுந்தால் குறை என்போம். ஆங்கிலத்தில் இது இல்லாவிட்டால் அடி செத்துவிடும். சொல் முடியும் இடத்திலேயே சீரும் முடிந்துகொண்டே போனால் நடை துண்டுதுண்டாகிவிடுகிறது. மழை பற்றிய முதல் அடி கொஞ்சம் மொட்டையாகக் கேட்பதற்கு அதில் இருப்பதெல்லாம் ஓரசைச் சொற்கள் என்பதுதான் காரணம்.

மீட்டரை நிரப்பச் செய்யும் தந்திரங்கள் உடனே காட்டிக்கொடுக்கும். ‘ஸ்டாப்ட்’ என்பதை ‘டிட் ஸ்டாப்’ என்று நீட்டுவது ஒன்று. இயைபுக்காக ‘வெட் ஆர் ஆல் த ரோட்ஸ்’ என்று சொல்வரிசையைப் புரட்டுவது இன்னொன்று. ஒவ்வொரு அடியையும் நான்காம் அசைக்குப் பின் நிறுத்தி, கடைசியில் முற்றுப்புள்ளி வைப்பது மூன்றாவது. இதற்குத் தீர்வு, நிறுத்தத்தை நான்காம் அசைக்கும் ஏழாம் அசைக்கும் இடையில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது. சில வாக்கியங்களை அடுத்த அடிக்குள் ஓடவிடுவது. 1980, 90-களின் நியூ ஃபார்மலிசக் கவிதைகளில் சலிப்பூட்டுபவை பல இருக்கின்றன என்பதை மறைக்கத் தேவையில்லை. அவற்றில் பிழை இருக்காது. மாறுதலும் இருக்காது. அடி ஒவ்வொன்றும் பத்து அசையில் ஒழுங்காகப் போய் நிற்கும், புறநகர் வீட்டு முற்றத்தில் ஒரு சின்னத் துயரத்தோடு கவிதை முடியும். 1996-ல் இருபத்தைந்து கவிஞர்களைச் சேர்த்து வந்த ‘ரெபெல் ஏஞ்சல்ஸ்’ தொகுப்பிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் உண்டு.

இயைபில் நடக்கும் தவறு வேறு வகை. ஆங்கிலத்தில் ஒத்த ஒலிகள் குறைவு. ‘லவ்’வுக்கு டவ், க்ளவ், அபவ், ஷவ் என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும். எந்த வடிவம் எத்தனை கேட்கிறது என்று கணக்குப் பார்ப்பது நல்லது. ஷேக்ஸ்பியர் வகைச் சானட்டுக்கு ஏழு ஒலிகள், ஒலிக்கு இரண்டு சொற்கள் போதும். பெட்ரார்க் வகையில் முதல் எட்டு அடிக்கு இரண்டே ஒலிகள், ஒலிக்கு நான்கு சொற்கள். தொடக்கக்காரர் பெட்ரார்க் வகையில் ஐந்தாம், ஆறாம் அடியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பயன்படும் உத்தி ஒன்று உண்டு. இரண்டு இயைபுச் சொற்களில் ஒன்று இயல்பாகவும் ஒன்று கொஞ்சம் வலிந்தும் வந்திருந்தால், வலிந்ததை முதல் அடியில் வையுங்கள். இயல்பானது பின்னால் வரும்போது, தேடிப் பிடித்தது எது என்று வாசகருக்குத் தெரியாது. இரண்டாவதாக, இரண்டு சொற்களும் வேறு வேறு சொல்வகையாக இருக்கட்டும்: ஒன்று பெயர், ஒன்று வினை. 1944-ல் விமர்சகர் டபிள்யூ.கே. விம்சாட், ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ஈரடிகளை அலசி இதைக் காட்டினார். ஒலி ஒன்றாக, பொருளும் இலக்கணமும் வேறாக இருக்கும்போதுதான் இயைபு யோசிக்கவைக்கிறது.

இன்று இயைபில் முதலிடம் ஏ.ஈ. ஸ்டாலிங்ஸுக்குத்தான் தருவேன். ஜார்ஜியாவில் பிறந்து கிரேக்கத் தலைநகரில் வாழும் அவர் 2011-ல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியர் பொறுப்புக்கு வந்தார். பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட லத்தீன் நூலைப் பதினான்கு அசை ஈரடிகளில் இயைபோடு ஆங்கிலத்தில் தந்தவர் அவர். அலுத்துப்போன இயைபு என்று எதுவும் இல்லை, அடி ஊகிக்கும்படி இருந்தால்தான் இயைபும் ஊகிக்கும்படி ஆகிறது என்பது 2009-ல் அவர் ‘பொயட்ரி’ இதழில் வாதிட்டது. இயைபுச் சொல்லைக் குறைசொல்லும் முன் அதற்கு முந்தைய ஆறு, ஏழு அசைகளைத் திருத்திப் பாருங்கள். பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும். கே ரயன் வழி வேறு: சின்னச் சின்ன அடிகளின் நடுவில் இயைபை ஒளித்துவைப்பார். மீட்டர் ஒழுங்கு இல்லாமலே காதில் அது மணியடிக்கும்.

அடி மீண்டும் வரும் வடிவங்கள் ஏன் இவ்வளவு பரவின என்பதற்கு வில்லனெல் நல்ல உதாரணம். பத்தொன்பது அடி: மூவடிப் பாட்டு ஐந்து, கடைசியில் நாலடி ஒன்று. முதல் அடி 6, 12, 18-லும், மூன்றாம் அடி 9, 15, 19-லும் திரும்பும். ஆக எட்டு அடிகள் இரண்டு வரிகளாலேயே நிரம்பிவிடும். மொத்தம் இரண்டே இயைபு ஒலிகள். ஒன்றுக்கு ஏழு சொற்கள், மற்றதற்கு ஆறு. தவறு எங்கே நடக்கிறது என்றால், திரும்பும் அடிகளை முழுமையான, மூடிய வாக்கியங்களாக எழுதிவிடுவதில். நான்காவது முறை வரும்போது அதில் புதிதாக எதுவும் இருக்காது. எலிசபெத் பிஷப்பின் ‘ஒன் ஆர்ட்’ (1976) இரண்டாவது திரும்பும் அடியில் ‘டிஸாஸ்டர்’ என்ற கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறது. அதன் வரைவுகள் வாஸர் கல்லூரிக் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் வரைவு கிட்டத்தட்ட உரைநடைக் குறிப்பு. ஒவ்வொரு வரைவிலும் வடிவம் அந்தப் புலம்பலை வடிகட்டிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

பழமைவாதக் குற்றச்சாட்டுக்கு உண்மையான பதில் கட்டுரைகளில் இல்லை, கவிதைகளில் இருக்கிறது. கறுப்பினக் கவிஞர்களின் யாப்பு மரபு ஒருபோதும் அறுபடவில்லை. 1919-ல் கறுப்பர்கள் மீதான வன்முறைக்கு எதிராக கிளாட் மெக்கே எழுதியது சானட்டில்தான். பெண்ணுக்கும் பெண்ணுக்குமான காதலை ஹேக்கர் பாடிய 1986-ம் ஆண்டு நூலின் உடலே சானட்டுகள்தான். இவற்றை ஆட்சியாளர் பக்கத்துக் கவிதை என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் ஒன்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1955-ல் மிசிசிப்பியில் பதினான்கு வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். அவனுக்காக மேரிலின் நெல்சன் 2005-ல் ‘எ ரீத் ஃபார் எம்மெட் டில்’ எழுதினார். பதினைந்து சானட்டுகளின் மாலை அது. தமிழ் வாசகருக்கு அந்தாதி என்றால் உடனே விளங்கும்: ஒரு சானட்டின் கடைசி அடி அடுத்ததன் முதல் அடி. கூடுதலாக ஒரு கட்டு: பதினைந்தாவது சானட், முந்தைய பதினான்கின் முதல் அடிகளாலேயே ஆனது. அந்தப் பதினான்கு அடிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால், அமைதியில் உறங்கு என்ற ஆங்கிலச் சுருக்கமும் அவன் பெயரும் வரும். இவ்வளவு கடுமையான வடிவம், அந்தப் பொருளின் வலியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு உறைபோல உதவியது என்று முன்னுரையில் அவர் சொல்கிறார்.

இதைக் கட்ட விரும்புகிறவர் பதினைந்தாவதை முதலில் எழுதவேண்டும். அதன் இயைபு வரிசைதான் மற்ற எல்லாவற்றின் முதலையும் முடிவையும் தீர்மானிக்கிறது. அதில் அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே இயைபில் இருந்தால், அந்த இடத்துச் சானட்டின் முதல் அடியும் கடைசி அடியும் ஒரே ஒலியில் வந்து நிற்கும். பெட்ரார்க் வகையில் இது இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவிலேயே வந்துவிடும். இதை முன்கூட்டிக் கவனிக்காமல் முதல் சானட்டிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

புதிதாகப் பிறந்த வடிவங்களும் உண்டு. டெரன்ஸ் ஹேய்ஸ் 2010-ல் ‘கோல்டன் ஷவல்’ வடிவத்தைத் தந்தார்: க்வெண்டலின் புரூக்ஸின் கவிதையின் சொற்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் தன் அடியின் கடைசிச் சொல்லாக வைப்பது. அவர் எடுத்தது ‘வீ ரியல் கூல்’; மொத்தம் இருபத்துநான்கே சொற்கள். ஜெரிக்கோ பிரவுனின் ‘டூப்ளெக்ஸ்’ சானட், கஜல், கறுப்பினத்தாரின் பாட்டு வகையான ப்ளூஸ் மூன்றும் கலந்தது. ஏழு ஈரடிகள், அடிக்கு ஒன்பது முதல் பதினொரு அசை. ஈரடியின் இரண்டாம் அடி சற்று மாறி அடுத்த ஈரடியின் தொடக்கமாகும். கவிதையின் முதல் அடி கடைசியில் திரும்பும். அவருடைய ‘த ட்ரடிஷன்’ 2020-ல் புலிட்சர் வாங்கியது. டயேன் ஸூஸின் ‘ஃப்ராங்க்: சானட்ஸ்’ 2022-ல் வாங்கியது.

முன்பு சொன்ன பிரிவு இங்கே தெளிவாகிறது. ஸூஸின் சானட்டுகளிலும் ஹேய்ஸின் 2018-ம் ஆண்டு அமெரிக்கச் சானட்டுகளிலும் பதினான்கு அடி இருக்கிறது, திருப்பம் இருக்கிறது, அபாரமான ஒலிநயமும் இருக்கிறது. ஒழுங்கான மீட்டர் இல்லை. டூப்ளெக்ஸ் அசையை எண்ணுகிறது, அழுத்தத்தைக் கட்டாயமாக்கவில்லை. இவை நல்ல கவிதைகள், சில மகத்தானவை. ஆனால் இவற்றைக் காட்டி மீட்டர் திரும்பிவிட்டது என்று சொல்வது தவறு. மீட்டர் தன் சிறிய வட்டத்தில்தான் இருக்கிறது. வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1995-ல் ஜோயாவும் மைக்கேல் பைக்கும் தொடங்கிய கவிதை மாநாட்டின் பட்டறைகள், 1990 முதல் 2004 வரை வந்த ‘த ஃபார்மலிஸ்ட்’, பிறகு ‘ஏபிள் ம்யூஸ்’, பெண் கவிஞர்களுக்கான ‘மெட்ஸோ கமின்’ போன்ற இதழ்கள்தான் அதைக் காத்தன.

கஜலின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கட்டுப்பாட்டை மீட்டவர் காஷ்மீரிலிருந்து போன ஆகா ஷாஹித் அலி. உருதுக் கவிஞர் காலிபின் கஜல்களை மொழிபெயர்க்கும் முயற்சியை ஒட்டி 1960-களின் முடிவில் அட்ரியன் ரிச் முதலானோர் எழுதிய ஆங்கிலக் கஜல்களில் ஈரடி மட்டும்தான் இருந்தது. அலி, ரதீஃபும் காஃபியாவும் இல்லாமல் கஜல் இல்லை என்று பிடிவாதம் பிடித்தார். ஒவ்வொரு ஈரடியின் இறுதியிலும் ஒரே சொல் அல்லது தொடர் திரும்பவேண்டும், அது ரதீஃப். அதற்கு முன்னால் நிற்கும் சொல் இயைபில் ஒத்துவரவேண்டும், அது காஃபியா. முதல் ஈரடியில் இரண்டு அடியிலும், பிறகு இரண்டாம் அடியில் மட்டும். 2000-ல் ‘ராவிஷிங் டிஸ்யூனிட்டீஸ்’ என்ற தொகுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட கவிஞர்களை இந்த விதிப்படி எழுதவைத்துக் காட்டினார். இன்று அமெரிக்க இதழ்களில் கஜல் என்றால் வாசகர் ரதீஃபை எதிர்பார்க்கிறார். பெரும்பாலும் அவர் செய்த வேலை இது.

கடைசிக் கேள்வி, தமிழர் எப்படித் தொடங்குவது. இங்கே அழுத்தம் பற்றிய தொல்லை வருகிறது. தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது. ஆகவே நம் காது அதைத் தேடிக் கேட்பதில்லை. ‘ஹோட்டல்’ என்று நாம் முதல் அசையை ஊன்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் ‘டெல்’லில். ‘டெவலப்’பில் அழுத்தம் ‘வெ’ மேல். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில், வினையானால் இரண்டாம் அசையில். நம் உச்சரிப்பில் கச்சிதமாக ஓடும் அடி, அமெரிக்க வாசகரின் வாயில் இரண்டு இடத்தில் தடுக்கும். ஆகவே ஓரசைக்கு மேற்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் சில மாதங்கள் அகராதியின் அழுத்தக் குறியைப் பாருங்கள். ‘எவ்ரி’க்கு இரண்டே அசை, ‘ஃபயர்’, ‘ஃப்ளவர்’ ஒன்றாகவும் இரண்டாகவும் எண்ணப்படும். இவற்றை ஒரே கவிதைக்குள் இஷ்டப்படி மாற்றி எண்ணினால் வாசகர் தடுமாறுவார்.

சீர் பிரிக்கும் வரிசை இது. பல அசைச் சொற்களின் அகராதி அழுத்தத்தை முதலில் குறியுங்கள். அடுத்து ஓரசைப் பெயர், வினை, அடை. மீதி இருப்பவற்றைப் பக்கத்து அசையோடு ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகுதான் அசையை எண்ணுங்கள். எண்ணுவதை முதலில் செய்தால் ‘க்ளிஸன்’ பிழை கண்ணில் படாது.

எழுதுவதில் முதல் படி இயைபில்லாத ஐயாம்பிக் பென்டாமீட்டரில் இருபது, முப்பது அடி, ஏதாவது ஒரு செயலை விவரித்து: பூட்டைத் திறப்பது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது. உணர்ச்சியை எழுதப் போனால் பழைய கவிதைச் சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். செயலை எழுதினால் பேச்சுநடை தங்கும். அது கைவந்த பிறகு நாற்சீர் ஈரடிகள், பிறகு ஷேக்ஸ்பியர் வகைச் சானட். பெட்ரார்க்கும் வில்லனெல்லும் அதற்குப் பிறகு. கூடவே ஃபிராஸ்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ்’ஸை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பதினாறே அடி, முதல் மூன்று பாட்டுகளிலும் மூன்றாம் அடி மட்டும் தனித்து நின்று அடுத்த பாட்டுக்கு இயைபைக் கொடுக்கிறது, கடைசிப் பாட்டில் நான்கு அடியும் ஒன்றாகிவிடுகின்றன.

எழுதி முடித்ததை நீங்களே வாசித்துச் சோதிக்காதீர்கள். எழுதியவர் வாய் மீட்டருக்கு ஏற்றபடி அழுத்தத்தை வளைத்துவிடும். ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் ஒருவரிடம், இது கவிதை என்று சொல்லாமல், அடி உடைக்காமல் உரைநடைபோல் தட்டச்சு செய்து கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் குரல் தானாக ஐந்து ஐந்தாக விழுந்தால் மீட்டர் இருக்கிறது. அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த அடியை ஒட்டுப்போடாமல் முழுவதும் புதிதாக எழுதுங்கள்.